எந்த ‘வெண்ணிலவே’? ஒரே பெயர்ப் பாடல்களையும் ரீமிக்ஸ்களையும் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று மாலை நிகழ்ச்சிக்குப் பாடல் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அவர் விரும்பிக் கேட்டது ஒரே ஒரு பாடல்: ‘பொன்மகள் வந்தாள்’. 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. மைக் செட்காரரிடம் கொடுத்த தாளில் நான் பாடலின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் மேடையேறிய நேரத்தில் ஒலித்தது, 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் புதிதாக அமைத்த வடிவம். பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பெரியப்பா முதல் வரி முடியும் வரை நின்றார். டி.எம்.எஸ். குரல் வராது என்று தெரிந்ததும் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே பெயரில் இருக்கும் பாடல்களை அன்று முதல் அதில் எழுதி வருகிறேன். பாடல் சேகரிக்கத் தொடங்குபவர்கள், வீட்டு விசேஷத்துக்குப் பட்டியல் போடுபவர்கள், உள்ளூர் மேடைகளில் பாடத் தொடங்கியிருப்பவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்த வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது

தமிழ்த் திரைப்பாடலுக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பல்லவியின் முதல் இரண்டு, மூன்று சொற்கள்தான் பெயர். காதல் பாடல்களின் பல்லவி நிலவையும் உயிரையும் அன்பையும் கூப்பிட்டுத் தொடங்குவது நம் மரபு. அதனால் ‘வெண்ணிலவே’, ‘உயிரே’, ‘அன்பே’ என்ற சொற்களுக்குப் பின்னால் பாடல்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

இன்னொரு பக்கம், புகழ்பெற்ற பாடலின் முதல் வரியை எடுத்துப் படத்துக்கே பெயராக வைத்துவிடுகிறார்கள். மூன்றாவதாக ரீமிக்ஸ். இந்த மூன்றும் ஒரே பாடலின் மேல் வந்து கூடும்போது தேடல் பெட்டியில் பெயரை மட்டும் தட்டுபவருக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் வேலை: பல்லவியின் முதல் வரி முழுவதையும் எழுதுங்கள்

இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரியாது. ‘வெண்ணிலவே’ என்று நோட்டில் எழுதினால் எதையும் எழுதாததற்குச் சமம். மூன்று புகழ்பெற்ற பாடல்கள் அந்தச் சொல்லில் தொடங்குகின்றன.

‘வெண்ணிலவே வெண்ணிலவே விண்ணைத் தாண்டி வருவாயா’ என்பது ‘மின்சார கனவு’ (1997), ஏ.ஆர். ரகுமான் இசை. ‘வெண்ணிலவே வெள்ளி வெள்ளி நிலாவே’ என்பது ‘வேட்டையாடு விளையாடு’ (2006), ஹாரிஸ் ஜெயராஜ் இசை. ‘வெண்ணிலவே தரையில் உதித்தாய்’ என்பது ‘துப்பாக்கி’ (2012), இதற்கும் இசை ஹாரிஸ் ஜெயராஜ்தான். பாடகர் பெயரைச் சேர்த்துத் தேடினால் பிரிந்துவிடும் என்று நினைக்கலாம். முதலாவதையும் மூன்றாவதையும் பாடியவர் ஹரிஹரன்: 1997இல் சாதனா சர்கத்துடன், 2012இல் பாம்பே ஜெயஸ்ரீயுடன். இசையமைப்பாளர் பெயரைச் சேர்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிக்கொள்கின்றன. முதல் வரியின் இரண்டாவது, மூன்றாவது சொல்தான் இங்கே உங்களைக் காப்பாற்றும்.

பக்கத்திலேயே ‘வெண்ணிலா வெண்ணிலா’ இருக்கிறது. ‘இருவர்’ படத்துக்காக ஆஷா போஸ்லே பாடியது. ‘இருவர்’, ‘மின்சார கனவு’ இரண்டுமே 1997 பொங்கலுக்கு வந்தவை, இரண்டுக்கும் இசை ரகுமான். ஆண்டும் இசையமைப்பாளரும் ஒன்றாக இருக்க, ஓரிரு எழுத்து வேறுபாட்டில் இரண்டு பாடல்கள். ‘மின்சார கனவு’ பாடலின் முதல் வரியில் உள்ள ‘விண்ணைத் தாண்டி வருவாயா’வைப் பிரித்தெடுத்து 2010இல் ஒரு படத்துக்கே பெயராக வைத்துவிட்டார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வேறுபாட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ‘சுட்டும் விழிச் சுடர்தான்’ பாரதியார் எழுதியது; ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்தில் ரகுமான் இசையில் ஹரிஹரன் பாடினார். ‘சுட்டும் விழிச் சுடரே’ என்பது ‘கஜினி’ (2005) படத்துக்காக நா. முத்துக்குமார் எழுதியது. ஸ்ரீராம் பார்த்தசாரதியும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடியிருக்கிறார்கள், இசை ஹாரிஸ் ஜெயராஜ். ‘சுடர்தான்’, ‘சுடரே’ என்ற ஈற்றை விட்டுவிட்டு ‘சுட்டும் விழி’ என்று மட்டும் செயலிகளில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாரதியைக் கேட்டவருக்குக் காதல் டூயட்டும், டூயட்டைக் கேட்டவருக்குப் பாரதியும் போய்ச் சேர்வது அப்படித்தான்.

தேடும்போது இன்னொரு சிக்கல், நம் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவது. ‘வெண்ணிலவே’ என்பதன் கடைசி ஒலியை மூன்று விதமாக எழுதுகிறார்கள், நடுவில் வரும் ‘ண்ணி’யை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒரு முறை தேடிக் கிடைக்கவில்லை என்றால் பாடல் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தமிழ் எழுத்திலேயே ஒரு முறை தேடுங்கள். பிறகு படத்தின் பெயரைப் போட்டு அந்தப் படத்தின் முழுப் பாடல் பட்டியலுக்குள் சென்று பாருங்கள். இந்த இரண்டாவது வழி அநேகமாக ஏமாற்றாது.

இரண்டாவது வேலை: படம், ஆண்டு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்

படத்தின் பெயர் மட்டும் போதாது என்பதற்கு ‘எங்கேயும் எப்போதும்’ பாடலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. என் நோட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது. பொறுமையாகப் பாருங்கள்.

‘எங்கேயும் எப்போதும் சங்கீதம் சந்தோஷம்’ என்பது கே. பாலசந்தர் இயக்கிய ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்தின் பாடல். கண்ணதாசன் எழுத்து, எம்.எஸ். விஸ்வநாதன் இசை, எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல். இதன் ரீமிக்ஸ் வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் வந்தது. அதில் எஸ்.பி.பி.யுடன் மலேசியத் தமிழ் ராப் கலைஞர் யோகி பியும் சுனிதா சாரதியும் இருக்கிறார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ‘பொல்லாதவன்’ என்ற பெயரில் 1980இலேயே ரஜினிகாந்த் நடித்த ஒரு படம் இருக்கிறது, அதற்கும் இசை எம்.எஸ். விஸ்வநாதன். ‘நினைத்தாலே இனிக்கும்’ என்ற பெயரில் 2009இல் இன்னொரு படம் வந்தது, அதற்கு இசை விஜய் ஆண்டனி. ‘எங்கேயும் எப்போதும்’ என்ற பெயரிலேயே 2011இல் ஒரு படம் வந்தது, இசை சி. சத்யா. ஆக ஒரு பாடலைச் சுற்றி மூன்று பெயர்கள், அந்த மூன்று பெயர்களில் ஐந்து படங்கள். “நினைத்தாலே இனிக்கும் படத்தில் வரும் எங்கேயும் எப்போதும்” என்று சொன்னால்கூட, செயலி உங்களை 2009 படத்தின் பட்டியலுக்குக் கொண்டுபோய் விடலாம். ‘நினைத்தாலே இனிக்கும் 1979’ என்று எழுதியவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

‘பில்லா’வில் இது இன்னும் இறுக்கமாகப் பின்னியிருக்கிறது. 1980 ‘பில்லா’வில் விஸ்வநாதன் இசையில் வந்த ‘மை நேம் இஸ் பில்லா’, ‘வெத்தலையைப் போட்டேண்டி’ இரண்டும் 2007 ‘பில்லா’வில் யுவன் சங்கர் ராஜா இசையில் மறுபடி வந்தன. படத்தின் பெயர் ஒன்று, பாடலின் பெயர் ஒன்று. ஆண்டைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. ‘மாப்பிள்ளை’யும் அப்படித்தான்: 1989இல் இளையராஜா இசையில் வந்த ‘என்னோட ராசி’, 2011இல் மணிசர்மா இசையில் அதே பெயர்ப் படத்தில் திரும்ப வந்தது.

பாடல் வரி படப் பெயராக மாறியவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அது வேகமாக நிரம்பும். ‘காவல்காரன்’ (1967) படத்துப் பாடல் ‘நினைத்தேன் வந்தாய் நூறு வயது’, 1998இல் ‘நினைத்தேன் வந்தாய்’ என்ற படம். ‘மௌன ராகம்’ (1986) படத்து ‘நிலாவே வா’, 1998இல் அதே பெயரில் படம். ‘மின்னலே’ (2001) படத்து ‘வசீகரா’, இரண்டே ஆண்டில் 2003இல் ‘வசீகரா’ படம். ‘மூன்றாம் பிறை’ (1982) படத்து ‘கண்ணே கலைமானே’, 2019இல் அதே பெயரில் படம். என் பெரியப்பாவின் ‘பொன்மகள் வந்தாள்’ பாடலும் தப்பவில்லை. 2020இல் அந்தப் பெயரிலும் படம் வந்துவிட்டது. இவற்றில் பின்னால் வந்த படத்தின் பாடல் தொகுப்பைத் திறந்துவிட்டு, பழைய பாடல் இல்லையே என்று தேடிக் களைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது வேலை: உறவு என்ன என்று தீர்மானியுங்கள்

இரண்டு பாடல்கள் ஒரே பெயரில் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. அவற்றுக்கு இடையே என்ன உறவு? இதைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம். காது கொடுத்துக் கேட்டால் தவிர இதற்கு விடை கிடைக்காது.

பெயரைத் தவிர வேறு உறவே இல்லாதவை முதல் வகை. மேலே சொன்ன மூன்று ‘வெண்ணிலவே’யும் அப்படிப்பட்டவை. ‘பம்பாய்’ (1995) படத்து ‘உயிரே உயிரே’வுக்கும் ‘சந்தோஷ் சுப்ரமணியம்’ (2008) படத்து ‘உயிரே உயிரே’வுக்கும் அப்படியே ஓர் உறவும் இல்லை.

ஒரே படத்துக்குள் இரண்டு வடிவங்கள் இருப்பது இன்னொரு வகை. ‘கருத்தம்மா’ (1994) படத்து ‘போறாளே பொன்னுத்தாயி’யை எடுத்துக்கொள்ளுங்கள். உன்னி மேனனும் சுஜாதாவும் சேர்ந்து பாடிய துள்ளல் வடிவம் ஒன்று. சுவர்ணலதா பாடிய சோக வடிவம் மற்றொன்று. அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது அதுதான். படம், ஆண்டு, இசையமைப்பாளர் எல்லாம் ஒன்றாக இருக்க, பாடகர் பெயர் மட்டுமே பிரிக்கிறது. கல்யாண வீட்டில் சுவர்ணலதா வடிவத்தைப் போட்டுவிட்டால் பந்தலில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாடகர் பெயரை எழுதாமல் விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு பாடலே காரணம்.

ஒரே வரிகளுக்கு வேறு வேறு மெட்டு அமைவது மூன்றாவது வகை. பாரதியார் பாடல்கள் எல்லாம் இதில் வரும். அவர் 1921இல் மறைந்தார், அவருடைய எழுத்து பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் மெட்டமைக்கலாம், அமைத்தும் இருக்கிறார்கள். இங்கே பழையது எது, ரீமிக்ஸ் எது என்ற கேள்வி பொருந்தாது. எந்த மெட்டு யாருடையது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இனி ரீமிக்ஸ். நம்மிடையே இந்த ஒரு சொல்லைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறோம், அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய ஒலிப்பதிவையே எடுத்து, அதே குரலை வைத்துக்கொண்டு, அடியில் புதிய தாளத்தை ஓடவிடுவது ஒன்று. பழைய மெட்டையும் வரிகளையும் வைத்துக்கொண்டு புதிய பாடகரைப் பாட வைத்து, இசையை முழுக்கப் புதிதாகப் பதிவு செய்வது வேறொன்று. இதை மறுஆக்கம் என்பதே சரி, ஆனாலும் உறையில் ரீமிக்ஸ் என்றே போடுகிறார்கள். பழைய பாடலின் ஒரு துண்டை மட்டும் அடித்தளமாக வைத்து அதன் மேல் புதிய வரிகளைக் கட்டுவது மூன்றாவது.

முதலாவதற்கு ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்து ‘பேர் வச்சாலும் வைக்காம போனாலும்’ நல்ல பாடம். இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும் பாடியது. 2021இல் ‘டிக்கிலோனா’ படத்தில் இளையராஜாவின் மகன் யுவன் சங்கர் ராஜா அதை எடுத்தபோது அந்தக் குரல்களை அப்படியே வைத்துக்கொண்டார். மலேசியா வாசுதேவன் 2011இல் மறைந்தவர். பத்து ஆண்டுகள் கழித்து அவர் குரலை ஒரு புதிய தலைமுறை விரும்பிக் கேட்டது என்பது எனக்கு நெகிழ்ச்சியான செய்தி. இந்தப் பாடலைப் பதியும்போது பாடகர் இடத்தில் அவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்றாவதற்கு ‘மடை திறந்து’. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

காதால் பிரிப்பது எப்படி? காதொலிப்பானைப் போட்டுக்கொண்டு மூன்று இடங்களைக் கேளுங்கள். முதலில் தொடக்க இசை. ரீமிக்ஸ் செய்பவர்கள் பெரும்பாலும் கை வைக்கும் இடம் அதுதான். அடுத்து, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசை. பழைய பாடலில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ வந்த இடத்தில் இப்போது தாளம் மட்டும் ஓடுகிறதா, ராப் நுழைகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாகக் குரலுக்குப் பின்னால் இருக்கும் காற்று. பழைய ஒலிப்பதிவில் பாடகரைச் சுற்றி அந்தக் கூடத்தின் ஒலி இருக்கும்; வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து வாசித்த காலம் அது. புதிய தாளத்தின் மேல் பழைய குரலை ஏற்றும்போது அந்தக் கூடம் குரலோடு ஒட்டிக்கொண்டே வரும். குரல் ஓர் அறையிலும் தாளம் வேறோர் அறையிலும் இருப்பதுபோலத் தோன்றினால், அது பழைய பதிவின் மேல் செய்த ரீமிக்ஸ்தான். நான்கைந்து பாடல்களைக் கேட்டாலே காது பழகிவிடும்.

நான்காவது வேலை: கருவியை அதற்குரிய இடத்தில் பயன்படுத்துங்கள்

பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பெயர் கண்டுபிடிக்க ஷசாம் போன்ற செயலி போதும். அது மெட்டைப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட ஒலிப்பதிவின் கைரேகையைப் பார்க்கிறது. ஆகவே 1979 பதிவும் 2007 ரீமிக்ஸும் அதற்கு வேறு வேறு ஆட்கள். எந்த வடிவம் என்று தெரிய வேண்டுமானால் இதுவே சரியான கருவி. வேகத்தைக் குறைத்து, எதிரொலி சேர்த்து வலையேற்றப்படும் வடிவங்களில் மட்டும் அது தடுமாறும்.

கூகுளில் முணுமுணுத்துத் தேடும் வசதி 2020இல் வந்தது. அது நேர்மாறானது, மெட்டைப் பிடிக்கும், பதிவைப் பிடிக்காது. வரி மறந்துபோய் ராகம் மட்டும் நாவில் நிற்கும் பாடலுக்கு இது வரம். ஆனால் நீங்கள் முணுமுணுத்தது டி.எம்.எஸ். பாடியதா, ரீமிக்ஸா என்று அதனால் சொல்ல முடியாது. முதலில் முணுமுணுத்து மெட்டைக் கண்டுபிடியுங்கள், பிறகு பதிவை ஒலிக்கவிட்டு ஷசாமில் உறுதி செய்யுங்கள்.

ஐந்தாவது வேலை: செயலி காட்டும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள்

பழைய பாடலின் அடியில் 2014 என்றோ 2019 என்றோ போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பாடல் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நிறுவனம் அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றிய ஆண்டு, அல்லது ‘பொன்னான பாடல்கள்’ என்பதுபோல ஒரு தொகுப்பு வெளியிட்ட ஆண்டு. இதை நம்பி மூலத்தை ரீமிக்ஸ் என்றும் ரீமிக்ஸை மூலம் என்றும் எழுதி வைத்தவர்கள் உண்டு.

ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடக் குறியீடு ஒன்று தரப்படுகிறது. மூலத்துக்கு ஒன்று, ரீமிக்ஸுக்கு வேறொன்று. இரண்டும் ஒரே பதிவா என்று ஐயம் வந்தால் இந்தக் குறியீட்டை ஒப்பிடலாம். அதன் நடுவில் வரும் இரண்டு இலக்க ஆண்டு, குறியீடு வழங்கிய ஆண்டைத்தான் காட்டும், பாடல் பதிவான ஆண்டை அல்ல. இதையும் மனத்தில் வையுங்கள்.

ஆண்டை உறுதி செய்ய நான் நம்புவது மூன்று இடங்கள்: படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியல், இசைத்தட்டின் உறை, பாட்டுப் புத்தகம். மூன்றாவது பற்றி இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் சில காசுகளுக்கு விற்பார்கள். மெல்லிய தாளில் நடிகர் பெயர்கள், கதைச் சுருக்கம், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற வரி, அதன்பின் எல்லாப் பாடல்களின் முழு வரிகளும், பாடலாசிரியர், பாடகர் பெயர்களும் இருக்கும். பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். ‘பொன்மகள் வந்தாள்’ பாடலை எழுதியவர் ஆலங்குடி சோமு என்பதை இன்று எத்தனை செயலிகள் காட்டுகின்றன என்று நீங்களே பாருங்கள். ரீமிக்ஸ் வந்ததும் முதலில் உதிர்ந்து போவது பாடலாசிரியரின் பெயர்தான். எனக்கு இதில் உள்ள வருத்தம் சிறியதல்ல.

ஆறாவது வேலை: பதிவு எழுதும் முறை

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் ஒரே மூச்சில் தெளிவாகச் சொல்லி முடித்த பிறகுதான் பாடல் தொடங்கும். அந்த முறையைத்தான் நான் நோட்டிலும் கணினியிலும் பின்பற்றுகிறேன். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

எங்கேயும் எப்போதும் சங்கீதம் சந்தோஷம் – நினைத்தாலே இனிக்கும் 1979 – எஸ்.பி. பாலசுப்ரமணியம் – கண்ணதாசன் – எம்.எஸ். விஸ்வநாதன் – மூலம்

அதன் கீழே, சற்று உள்ளே தள்ளி:

எங்கேயும் எப்போதும் – பொல்லாதவன் 2007 – எஸ்.பி. பாலசுப்ரமணியம், யோகி பி, சுனிதா சாரதி – ரீமிக்ஸ், மூலம் 1979

கடைசியில் வரும் ‘மூலம் 1979’ என்ற இரண்டு சொற்கள்தான் உயிர். எந்த ரீமிக்ஸையும் அதன் மூலத்தைக் குறிப்பிடாமல் எழுதக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் எம்.பி.3 கோப்புகளாக வைத்திருப்பவர்கள் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. கோப்புக்குள்ளேயே தலைப்பு, பாடகர், தொகுப்பு, இசையமைப்பாளர், ஆண்டு, குறிப்பு என்ற இடங்கள் இருக்கின்றன. தொகுப்பு என்ற இடத்தில் ‘பில்லா 1980’, ‘பில்லா 2007’ என்று ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு படங்களின் பாடல்களும் ஒரே உறைக்குள் கலந்துவிடும். குறிப்பு என்ற இடத்தில் மூலம் பற்றிய வரியைப் போடுங்கள். இதற்கு எம்.பி.3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மியூசிக்பிரெயின்ஸ் தளம் ‘படைப்பு’ வேறு, ‘ஒலிப்பதிவு’ வேறு என்று பிரித்தே வைத்திருக்கிறது. ஒரு படைப்பைத் திறந்தால் அதன் வடிவங்கள் கீழே வரிசையாக நிற்கும். நம் பாடல்கள் அங்கே இன்னும் போதிய அளவு ஏறவில்லை. நோட்டு எழுதி முடித்தவர்கள் அங்கே சேர்க்கலாம்.

விசேஷத்துக்குப் பாடல் கேட்பவர்கள் பெயரைச் சொல்லி விட்டுவிடாமல், வேண்டிய பதிவையே கைப்பேசியில் அனுப்பி, முந்தின நாள் ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு பாதுகாப்பு தேவையில்லை.

நீங்களே ஒரு வடிவம் செய்ய விரும்பினால்

சிறிது காலத்தில் இந்த ஆசை வரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பழைய பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து வெளியிட, முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்னதாக அறிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையைச் செலுத்த வேண்டும். உறையில் முந்தைய பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு மக்களைக் குழப்பக் கூடாது. இது மறுபதிவு என்று உறையிலேயே எழுத வேண்டும். சட்டம் கேட்பதும் நம் நோட்டு கேட்பதும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பிரிவு புதிதாகப் பாடிப் பதிவு செய்பவர்களுக்கானது. பழைய ஒலிப்பதிவையே எடுத்து அதன் மேல் தாளம் போடுவதானால் அந்தப் பதிவின் உரிமையாளரிடம் தனியாக ஒப்புதல் வாங்கியாக வேண்டும். வீட்டில் பழகுவதற்குச் செய்து பார்ப்பது வேறு, வலையேற்றுவது வேறு.

முதல் நாள் பயிற்சிக்கு ஒரு பாடல்

நோட்டின் முதல் பக்கத்துக்கு ‘மடை திறந்து’ பாடலைப் பரிந்துரைக்கிறேன். பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியதை முதலில் கேளுங்கள், ‘மடை திறந்து தாவும் நதியலை நான்’. இரண்டு முறை கேளுங்கள். இரண்டாவது முறை குரலை விட்டுவிட்டு இடையிசையை மட்டும் பின்தொடருங்கள்.

அதன்பின் மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வெளியிட்ட ‘மடை திறந்து’ பாடலைக் கேளுங்கள். பழைய பாடலின் மேல் தங்களுடைய தமிழ் ராப் வரிகளைக் கட்டியிருக்கிறார்கள். கடல் கடந்த தமிழ் இளைஞர்கள் தமக்கென்று ஒரு பாட்டு தேடியபோது இளையராஜாவிடம் வந்து நின்றார்கள் என்பது எனக்கு இன்றும் இனிக்கிற செய்தி. எங்கே பழைய பாடல் நிற்கிறது, எங்கே புதிய வரிகள் புகுகின்றன என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்.

பதிவை முடிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மலேசியப் பாடல் இடம்பெற்ற இசைத் தொகுப்பின் பெயர் ‘வல்லவன்’. யுவன் சங்கர் ராஜா இசையில் சிலம்பரசன் நடித்த ‘வல்லவன்’ படமும் அதே 2006இல்தான் வந்தது. இங்கே ஆண்டும் உதவாது. தொகுப்பின் பெயருக்குப் பக்கத்தில் ‘மலேசியா, யோகி பி & நட்சத்ரா’ என்று சேர்த்து எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.